லிஸ்டில் கடைசிப் பெயர்

கமலாட்சியை மூன்று செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு படுக்க வைத்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அங்கே ஒழுங்காக வேலை செய்கிற நாலு பேரும் சேர்ந்து தலைகுனிய நேரும். மாத்தளை மாவட்டத்தில் எங்கோ, மழைக்கு ஒழுகுகிற கூரையும் பெண்களுக்கென்று ஒரு நீள வாட்டும் உள்ள ஆஸ்பத்திரி. அவ்வளவு தெரிந்தால் போதும். வருடம் 2007.

அப்போது கமலாட்சிக்கு முப்பத்தேழு வயது. இரத்தோட்டைக்கு மேலே, வெள்ளைக்கல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். தோட்டத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். எழுபத்தேழாம் வருடக் கலவரத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்குத் தீ வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தபோது, இருபது பேர் மிளகுக் கொடிகளுக்குள் மூச்சுக் காட்டாமல் கிடந்தார்கள். ஏழு வயதுக் கமலாட்சி மட்டும், "எங்க கோழிய யாரு தொறந்து விடுவா?" என்று கத்தினாள். அம்மா விட்ட அறையில் காது இரண்டு நாள் ரீங்காரம் போட்டது. நல்லவேளை, யாருக்கும் கேட்கவில்லை. கோழியும் பிழைத்தது, வாயும் பிழைத்தது.

அவளைக் கட்டியவன் மாடசாமி. தோட்ட வேலை பிடிக்காமல், தம்புள்ளையில் மரக்கறி ஏற்றுகிற லொறியில் தொற்றிக்கொண்டவன். வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில், இரண்டு நாள் வீட்டில். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வரும்போது மகள் திலகாவுக்கு ஒரு பொட்டலம் இல்லாமல் வரமாட்டான். ஆனால் அந்த ஐந்து நாட்களில் என்ன செய்தான், யாரோடு படுத்தான் என்று அவள் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை. 2003இல் அவன் மெலிந்து, இருமி, எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனான். ஆஸ்பத்திரியில் உடம்பைப் பொலித்தீனில் சுற்றி ஒட்டி, திறக்கவே கூடாது என்று கொடுத்தனுப்பினார்கள். தோட்டமே எட்டி நின்று பார்த்தது. கமலாட்சி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து முகத்துக்கு நேரே கிழித்தாள்.

"பன்னெண்டு வருசம் பக்கத்துல படுத்த மொகம். பாக்காம பொதைக்கச் சொல்றியளோ?" என்று கேட்டாள். 

அடுத்த மாதம் கண்டி கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. திலகாவுக்கு இல்லை. அந்த "இல்லை"யைக் கேட்டபோதுதான் அவள் உட்கார்ந்து அழுதாள். பிறகு வீட்டுக்கு வந்து மாடசாமியின் படத்தைப் பார்த்து, "அடப் பாவி மனுசா, பொட்டலத்தோட இதையுமா கொண்டாந்த?" என்று கேட்டாள். மூன்று நாள் அழுகை, மூன்று வருடம் கோபம். இலவச மாத்திரை கிடைக்கத் தொடங்கியதும் கோபத்தையும் விழுங்கிக்கொண்டு மாத்திரையையும் விழுங்கினாள். உடம்பு தேறியது. மலையில் பழையபடி கூடை நிரம்பியது. மாதம் ஒரு தரம் கண்டிக்குப் போவதற்கு, "பிரஷர் கிளினிக்" என்று சொல்லி வைத்திருந்தாள். வாயாடிக்குப் பிரஷர் இல்லாமல் இருக்குமா என்று தோட்டமும் நம்பிவிட்டது.

கண்டியில் அவளைப் பார்த்தவர் டொக்டர் மிஸிஸ் தர்மராஜா. யாழ்ப்பாணத்து அம்மா; பேச்சில் ஒரு இழுவை, கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை. 2007 வைகாசியில் அவர்தான், "கமலாட்சி, உங்களுக்கு ஒரு பாப் டெஸ்ட் செய்ய வேணும்," என்றார்.

"பாப்பம்மா டெஸ்ட்டா? எங்க லயத்துல ஒரு பாப்பம்மா இருக்காங்க. அவங்க பாக்குற பார்வையே ஒரு டெஸ்ட்டுதான் டொக்டரம்மா."

டொக்டர் சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினார். கர்ப்பப்பையின் வாயிலிருந்து சும்மா சுரண்டி எடுத்துப் பார்ப்பது. எச்.பி.வி. என்று ஒரு கிருமி இருக்கிறது. கல்யாணம் கட்டின பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது வரும், வந்த சுவடு தெரியாமல் போகும்.

"மற்றவையின்ர உடம்பில காவல்காரன் முழிச்சுக்கொண்டு இருக்கிறான். கலைச்சு விட்டிடுவான். உங்கட காவல்காரன் இப்பதான் காய்ச்சலால எழும்பி இருக்கிறான். அவனால இந்தக் கிருமியைக் கலைக்க ஏலாது. அது அங்கேயே குடியிருந்து புற்றாக்கிப் போடும். அதாலதான் உங்களை மாதிரி ஆக்கள் வருசா வருசம் பார்க்க வேணும்."

சோதனை முடிவு வந்தது. இன்னும் புற்று இல்லை. ஆனால் புற்றாகப் போகிற புண், அதுவும் முற்றின படியில். ஒரு கம்பி வளையத்தால் அந்த இடத்தைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டால் சரி. கால் மணித்தியால வேலை. கண்டியில் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். அவளுடைய மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கே அந்தக் கருவி வந்திருந்தது. டொக்டர் கடிதம் எழுதி, உறையை ஒட்டி, கையில் கொடுத்தார்.

"பிந்த விடாதேங்கோ. மற்றவைக்கு வருசக்கணக்கு எடுக்கும். உங்களுக்கு மாசக்கணக்குத்தான்."

திலகாவுக்கு மார்கழியில் ஓ.எல்., பள்ளிக்கூடத்துப் பெரிய அரசாங்கப் பரீட்சை. அந்தத் தோட்டத்தில் அதுவரை ஓ.எல். எழுதின பெண்கள் மூன்றே பேர். நாலாவது பெண் மண்டபத்துக்குள் போவதை வாசலில் நின்று பார்க்கவேண்டும், அதற்கப்புறமும் பார்க்க நிறைய இருக்கிறது என்று கமலாட்சி நினைத்தாள். சாகிற எண்ணமே அவளுக்கு இல்லை.

ஆனால் அந்த நீள வாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடிதத்தைப் பிரித்ததும் அவளுடைய கட்டில் தலைமாட்டு டிக்கெட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்கள். சிவப்பு வட்டம் போட்டவளின் பெயர் அன்றைய ஒப்பரேஷன் லிஸ்டில் கடைசியில் போகும். முதல் செவ்வாய், எட்டுப் பேர் முடிந்ததும் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது செவ்வாய், அவசரமாக ஒரு பிள்ளைப்பேறு குறுக்கே வந்தது. இரண்டு தடவையும் முதல் நாள் இராச் சாப்பாட்டோடு சரி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சாயங்காலம் வரை கிடந்து, வீட்டுக்குப் போ என்று அனுப்பப்பட்டாள். பஸ்ஸில் தலை சுற்றியது. பசியை விட ஆத்திரம்தான் அதிகம் சுற்றியது.

மூன்றாவது செவ்வாய். அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் வேலம்மா என்று ஒரு கிழவி வந்திருந்தாள். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம். அறுபது வயது இருக்கும். ஒன்பது பிள்ளை பெற்று, கூடை சுமந்து சுமந்து கர்ப்பப்பை இறங்கித் தொங்கி, பதினோரு வருடமாகத் துணியால் கட்டிக்கொண்டு மலை ஏறினவள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு வியாழக்கிழமை ஒப்பரேஷன். சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான அளவு. பொழுதுபோக்கு என்றால் ஒன்றே ஒன்றுதான்: ரேடியோவில் மரண அறிவித்தல். எந்த ஊரில் யார் செத்தார், யாருடைய மாமியார், எந்த மயானம் என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தேநீர் இறங்காது.

பதினொரு மணிக்கு வாட்டுச் சிஸ்டர் குணவதி கையில் லிஸ்டோடு வந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ்; குரலை உயர்த்தாமலே வாட்டை ஆள்கிறவர். கமலாட்சி பசி மயக்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். சிஸ்டர் டிக்கெட்டைப் பார்த்து, அட்டென்டன் பொம்பளையிடம் சொன்னார்:

"மெயாவ அந்திமட்ட தான்ன."

இவளைக் கடைசியில் போடு என்று அர்த்தம். சிங்களத்தில் அந்திம என்றால் கடைசி. வேலம்மாவின் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். அந்திமம்! அன்னாரின் அந்திமக் கிரியைகள் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு என்று ரேடியோ தினமும் சொல்கிற அந்திமம். போதாததற்கு, ஆளும் முகத்தை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கிறாள்.

சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் வேலம்மா கட்டிலை விட்டுக் குதித்தாள்.

"அய்யய்யோ! அந்திமமாம்டி! இப்பத்தானே மகளப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தா! ஏ தாயி, பொட்டப் புள்ளய நடுரோட்டுல விட்டுட்டுப் போறியேடி!"

முகத்தை மூடின தலைப்பை விலக்கி, தன் சேலை முடிச்சை அவிழ்த்துத் திருநீறை அள்ளி அப்பினாள். தன் போத்தலைத் திறந்து, அனாதையாகத் தொண்டை காய்ந்து போகக் கூடாதே என்று, கமலாட்சியின் வாயைப் பிளந்து கடைசித் தண்ணீர் ஊற்றினாள். பதினைந்து மணித்தியாலமாகக் காய்ந்த தொண்டை யாரையும் கேட்கவில்லை. மடக்கென்று விழுங்கிவிட்டது.

கமலாட்சி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். நெற்றி முழுக்கத் திருநீறு. வேலம்மா பேயைக் கண்டவள் மாதிரி அலறினாள். ஓடி வந்த சிஸ்டருக்கு அட்டென்டன் பொம்பளை சிரிப்பை அடக்க முடியாமல் நடந்ததைச் சொன்னாள். ஐந்தாம் கட்டிலில் இருந்த நூருன்னிஸா அர்த்தத்தை எடுத்துச் சொல்ல, வாட்டே குலுங்கிச் சிரித்தது. கமலாட்சியும் சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"சரி," என்றார் சிஸ்டர். வேலைக்கு வேண்டிய தமிழ் அவருக்கு வரும். "தண்ணி குடிச்சது தானே. இன்னைக்கி செய்ய பே, முடியாது. அடுத்த செவ்வாய் வாங்க."

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்டதும் கமலாட்சியின் சிரிப்பு நின்றது.

"மிஸ்ஸி, தண்ணி இன்னைக்குக் குடிச்சேன். போன செவ்வாக்கெழம என்னத்தக் குடிச்சேன்? அதுக்கு மொத வாரம்?"

சிஸ்டர் கிட்டே வந்து குரலைத் தணித்தார். "சத்தம் போட வேணாம். உங்களுக்கு ஏன்னு தெரியும் தானே. உங்களுக்குப் பொறகு ஒப்பரேஷன் தியேட்டர் முழுக்க, மேல இருந்து கீழ, மருந்து போட்டுக் கழுவ வேணும். அதனால தான் கடைசி. எப்பவும் அப்பிடி தான்."

அவர் பொல்லாதவர் இல்லை. வேலை பழகின காலத்தில் யாரோ சொல்லிக் கொடுத்ததை இன்றுவரை திருப்பிச் செய்கிறவர். ஆனால் உயிர் போவது அவருக்கு இல்லையே.

கமலாட்சி வாட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்பதாம் கட்டிலில் வெள்ளைக்கல் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மருமகள், தலையணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் அடுத்த செவ்வாய், அதற்கடுத்த செவ்வாய். மாசக்கணக்குத்தான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நாலு வருடம் பிரஷர் பிரஷர் என்று பொய் சொல்லிப் பத்திரமாக வைத்திருந்ததை, பிணமானபின் யாருக்குக் கொடுக்கப் போகிறாள்?

எழுந்து நின்றாள்.

"தெரியும் மிஸ்ஸி. எல்லாருக்கும் தெரியட்டும். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. எம் புருசன் குடுத்துட்டுப் போனான். மருந்து குடிக்கிறேன், மல ஏறுறேன், எவளுக்கும் கொறையாம கொழுந்து எடுக்குறேன். இப்ப கர்ப்பப்பை வாயில புண்ணு. இன்னும் புத்து ஆகல. வெட்டிட்டா பொழைச்சுக்குவேன். கடைசில போட்டுப் போட்டுத் திருப்பி அனுப்புனா செத்துருவேன். இந்தக் கெழவி ஒண்ணும் தப்பாக் கேக்கல மிஸ்ஸி. ஒங்க அந்திமவும் எங்க அந்திமமும் எனக்கு ஒண்ணுதான்!"

 அவள் ஒன்பதாம் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்: "ஏ புள்ள, நீயே போயித் தோட்டத்துல சொல்லிரு. எனக்கு நாலு லயம் ஏறி எறங்குற நட மிச்சம்."

பிறகு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இனி இங்கயிருந்து ரெண்டு எடத்துக்குத்தான் போவேன். ஒண்ணு தியேட்டரு. இன்னொண்ணு எதுன்னு ஒங்களுக்கே தெரியும்."

டொக்டர் ஜுனைதீன் வந்தார். ஆறு மாத சர்வீஸ், தாடி கூட இன்னும் ஒழுங்காக முளைக்காத பிள்ளை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காது சிவக்கப் போய்ப் பெரிய டொக்டருக்கு டெலிபோன் எடுத்தார். திரும்பி வந்து, "வியாழக்கிழமை லிஸ்ட். முதல் பேர் இவங்கட," என்றார்.

சிஸ்டர் லிஸ்டை மேசையில் வைத்தார். "சரி டொக்டர். ரெண்டாவது யாரு? இவங்க படுத்த மேசையில உடனே ஏறச் சொல்லி நான் ஒரு நோயாளியையும் கட்டாயம் பண்ண மாட்டேன். கேப்பம். ஒருத்தரும் வேணாம்னா பழையபடி தான்."

"யாரையும் கேக்கத் தேவல்ல சிஸ்டர்," என்றார் ஜுனைதீன். ஆனால் ஆறு மாதம் இருபத்திரண்டு வருடத்தின் முன்னால் என்ன செய்யும்? சிஸ்டர் ஏற்கெனவே மூன்றாம் கட்டிலுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமைக்கு மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாம் கட்டிலில் தம்புள்ளை வியாபாரி ஒருவரின் மனைவி. கேள்வி முடியுமுன்னே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நூருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டு, "ஊட்டுல ஒரு பேச்சுக் கேக்கோணுமே," என்றாள். கமலாட்சிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. 

மிச்சம் வேலம்மா.

கமலாட்சி அந்தப் பக்கம் பார்க்கவே விரும்பவில்லை. காரணம் இருந்தது. எச்.ஐ.வி. என்று அவள் சொல்லி முடித்ததும் கிழவி எழுந்து வாட்டுக் கோடியில் உள்ள குழாயடிக்குப் போனாள். கமலாட்சியின் உதட்டில் பட்ட விரல்களைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கமலாட்சி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சிஸ்டரின் வார்த்தை கூட அவ்வளவு சுடவில்லை. அந்தச் சவர்க்கார நுரை சுட்டது.

சிஸ்டர் வேலம்மாவின் முன்னால் நின்றார். "அம்மா, நீங்க வியாழன். இவங்க மொதல்ல போனா, பொறகு நீங்க போவீங்களா? பயம்னா சொல்லுங்க. பிரச்சினை இல்ல, வேற நாள் தரலாம்."

 வேலம்மா ஈரம் காய்ந்த கையை மறுபடியும் சேலையில் துடைத்தாள். கமலாட்சியைப் பார்த்தாள். அவளுடைய நெற்றியில் தான் அப்பின திருநீறு இன்னும் இருப்பதைப் பார்த்தாள்.

"பயமாத்தான் இருக்கு," என்றாள். "இல்லன்னு சொன்னா பொய்யி. அந்தா, மூணு வாட்டி கையக் கழுவிட்டு வந்தேன்." பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "மிஸ்ஸி, ஒண்ணு கேக்கட்டா? இவளுக்குப் பொறகு தியேட்டரக் கழுவணும்னு சொன்னீங்கள்ல? எப்பிடிக் கழுவுவீங்க?"

"மேல இருந்து கீழ. மருந்து போட்டு. மேசை, லைட், தரை எல்லாம்."

"மத்தவங்களுக்குப் பொறகு?"

சிஸ்டர் தடுமாறினார். "அது... சாதாரணமா தொடைக்கிறது."

"அவ ரெத்தத்துல என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். மத்தவளுக ரெத்தத்துல என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"எல்லாருக்கும் பாக்கிறது இல்ல."

வேலம்மா இடுப்பில் கையை வைத்தாள். பதினோரு வருடம் வாய் திறக்காத பொம்பளை.

"அப்ப நல்லாக் கேட்டுக்க. எவளோ ஒருத்திக்குப் பொறகு போனா, தொடச்ச மேசையில படுப்பேன். இவளுக்குப் பொறகு போனா, கழுவுன மேசையில படுப்பேன். எனக்குக் கழுவுன மேசதான் வேணும். எழுது, ரெண்டாவது வேலம்மா!"

ஜுனைதீன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிஸ்டர் பேனாவை எடுக்க வெகு நேரம் ஆனது. ஆனால் எடுத்தார், எழுதினார்.

"அப்ப மூணாவது என்னைப் போடுங்க," என்றாள் நூருன்னிஸா. "ஊட்டுல பொறகு சொல்லிக்கலாம்."

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்குத் தள்ளுவண்டி வந்தது. கமலாட்சி அதில் ஏறவில்லை. நடந்தே தியேட்டருக்குள் போனாள். முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்தது. பெரிய டொக்டர் கம்பி வளையத்தை வைத்தார். கால் மணித்தியாலம் கூட ஆகவில்லை. "முழுசா வந்துட்டு. வருசா வருசம் வந்து காட்டணும்," என்று அவர் சொன்னபோது, கமலாட்சிக்குக் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. துடைக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டாள்.

வண்டியில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, வாசலில் இன்னொரு வண்டியில் வேலம்மா காத்துக் கிடந்தாள். உள்ளே வாளியும் தரையும் உரசுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. கிழவி கழுத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடியே கமலாச்சி, நல்லாத் தேய்க்கிறாளுகளா?"

"தேய்க்கிறாங்க அக்கா. தரையில ஒங்க மொகம் தெரியும்."

வேலம்மா கையை நீட்டினாள், சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவின அதே கை. கமலாட்சியின் கன்னத்து ஈரத்தை வழித்துத் தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். "சரி, போயிப் படு," என்றாள். பிறகு அட்டென்டனைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? தள்ளு," என்றாள்.